தூரத்துக் கடவுளும் பக்கத்துத் தெய்வங்களும்

தான் நம்பாத தெய்வத்தைப் பிறர் நம்புவதை ஏளனம் செய்யாமல் எழுதுவது நாவலாசிரியனுக்குச் சுலபமான காரியம் அல்ல. ஹெய்ட்டி நாட்டு ழாக் ருமேன் அதைச் செய்திருக்கிறார். அவருடைய 'பனித்துளியின் அதிபதிகள்' 1944-ல் வெளிவந்தது. அவர் அந்த வருஷமே, புத்தகம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார்.

வோடுன் என்றதும் சினிமா பார்த்தவர்களுக்கு நடைபிணமும் ஊசி குத்திய பொம்மையுந்தான் ஞாபகம் வரும். ஆனால் அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கூடவே எடுத்துச் சென்ற மதம். தாஹோமேயின் ஃபோன் மொழியில் அந்தச் சொல்லுக்கே தெய்வம் என்றுதான் பொருள். ஹெய்ட்டிக் குடியானவனுக்குப் படைத்த கடவுள் ஒருவரே. அவர் நல்லவர், ஆனால் ரொம்பத் தூரத்தில் இருப்பவர். அன்றாடக் கஷ்டங்களுக்கு லுவா என்ற தெய்வங்கள் உண்டு. லெக்பா வாசலைத் திறந்துவிட்டால்தான் மற்றவர்கள் வரலாம். வந்த தெய்வம் பக்தன்மேல் ஏறிக்கொள்ளும். அவனைக் குதிரை என்பார்கள். அவன் வாயால் அது பேசும், அதட்டும், குறி சொல்லும்.

மழை பொய்த்துப்போன ஒரு கிராமத்தில் கதை தொடங்குகிறது. கிழவி டெலிரா கடவுளைக் கூப்பிடுகிறாள். இத்தனை ஏழைகள் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் அவர் காதில் என்னதான் விழும்? கியூபாவில் 15 வருஷம் கரும்பு வெட்டிவிட்டு அவள் மகன் மானுவேல் திரும்பி வருகிறான். அதற்கு நன்றியாக லெக்பாவுக்குப் பூஜை நடக்கிறது. சேவல் இரத்தத்தால் மழை வராது என்று நினைக்கிற மானுவேலும் பறை ஒலி கேட்டு எல்லோருடனும் ஆடுகிறான். அழையாமல் வந்த ஓகூன் என்ற தெய்வம் வாய்க்கால் வெட்டுவதையும் இரத்தம் சிந்துவதையும் பற்றிப் பாடுகிறது.

பிறகு மானுவேல் ஊற்றைக் கண்டுபிடிக்கிறான். பகையில் குத்துப்பட்டுச் சாகிறான். பிரிந்துகிடந்த ஊர் ஒன்று சேர்ந்து வாய்க்கால் வெட்டுகிறது. தெய்வம் சொன்னது அப்படியே பலித்துவிட்டது! ருமேன் 1934-ல் ஹெய்ட்டியில் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தவர். அப்படிப்பட்டவர் ஓகூனின் வாக்கைப் பொய்யாக்கவில்லை. அது தெய்வ வாக்கா, தற்செயலா என்று விளக்கவும் இல்லை. இந்த அடக்கத்தைத்தான் நான் கலை என்கிறேன்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. மானுவேல் சில இடங்களில் மேடைப் பிரசங்கியாகிவிடுகிறான். ஆனால் ஆசிரியரின் மனம் எங்கே இருந்தது என்பதில் சந்தேகமில்லை. 1941-லும் 1942-லும் கத்தோலிக்கத் திருச்சபை வோடுன் வழிபாட்டை ஒழிக்க இயக்கம் நடத்தியது. அப்போது, ஒழிக்க வேண்டியது மூடநம்பிக்கையை அல்ல, வறுமையை என்று எழுதியவர் ருமேன்.

பக்தர் எழுதியிருந்தால் இது ஸ்தல புராணம் ஆகியிருக்கும். பகுத்தறிவாளர் எழுதியிருந்தால் துண்டுப் பிரசுரம் ஆகியிருக்கும். ருமேன் நாவல் எழுதியிருக்கிறார். 1947-ல் லாங்ஸ்டன் ஹியூஸும் மெர்ஸர் குக்கும் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும்.