பச்சை உடம்பு

நம் சிறுகதைகளில் குழந்தை பிறந்ததும் கதை முடிந்துவிடுகிறது. கதவு திறக்கும், நர்ஸ் ஆணா பெண்ணா என்று சொல்வாள், வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவன் பெஞ்சில் உட்காருவான். அல்லது தாய் செத்துப்போவாள். பிழைத்துக் கிடப்பவளின் அடுத்த நாற்பது நாள் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு விஷயமாகவே படவில்லை.

நற்றிணை 40ஆம் பாட்டில் கோண்மா நெடுங்கோட்டனாருக்குப் பட்டிருக்கிறது. காவல் வைத்த வீடு, மணிச் சத்தம், மணல் பரப்பிய பந்தல். மெல்லிய துணி விரிப்பில் செவிலியோடு பிள்ளை தூங்குகிறது. செவிலியின் மேல் பிரசவ வாடை. வெண்சிறுகடுகு அப்பி, நெய் பூசிக் குளித்த ஈரம் காயாமல் பெற்றவள் கண்மூடிக் கிடக்கிறாள். நடுநிசியில் கணவன் திருடனைப்போல் வருகிறான். இவ்வளவையும் சொல்பவள் அவனுடைய பரத்தை, அதாவது அந்த அறைக்குள் இடமில்லாத ஒருத்தி. பொறாமைக்காரியின் பார்வைக்கு எதுவும் தப்புவதில்லை. அந்த வாடைக்குக் கவிஞர் போட்டிருக்கும் சொல் புனிறு. ஈன்ற அணிமை என்று தொல்காப்பியத்தின் உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது. இந்த நிலைக்கென்றே தனிச் சொல் வைத்திருந்த பாஷை இது.

பெரியாழ்வாரில் யசோதை கண்ணனின் கைகால்களை நீட்டிவிட்டு, வெந்நீரை மெல்ல ஊற்றி, மஞ்சளால் நாக்கை வழிக்கிறாள். திறந்த வாய்க்குள் ஏழுலகமும் தெரிகிறது. தரிசனம் குளிப்பாட்டுதலின் நடுவே நிகழ்கிறது என்பதுதான் இங்கே பெரிய காரியம். (நாக்கு வழிப்பதை இன்றைய டாக்டர்கள் கூடாது என்கிறார்கள். கவிதைக்கு அதனால் பாதகமில்லை.) ஆனால் யசோதையின் உடம்பு எங்கே? பெற்ற களைப்பே அவளிடம் இல்லை. பிற்காலப் பிள்ளைத்தமிழோ காப்புப் பருவத்தையே 3ஆம் மாதத்தில்தான் தொடங்குகிறது. தொப்புள்கொடி காய்ந்து விழுவதும், குழந்தை பிறந்த எடையில் கொஞ்சம் இழந்து மீண்டும் ஏறுவதும், தாயின் உதிரப்போக்கு நிற்பதும், கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வருவதும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அத்தனையும் இலக்கணத்துக்கு வெளியே. சட்டமாவது இந்த நாட்களை எண்ணுகிறது: 1961இல் 12 வாரம் என்றது, 2017இல் 26 வாரமாக்கியது. விடுப்புப் பதிவேட்டில் இவற்றை ஏற்றும் குமாஸ்தாவுக்கு இருக்கிற பிரக்ஞை கதாசிரியனுக்கு இல்லை.

மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797இல் மகளைப் பெற்ற சில நாட்களில் பிரசவ ஜுரத்தால் இறந்தாள். அந்த மகள் மேரி ஷெல்லி 1815இல் தன் குறைமாதக் குழந்தையைப் பறிகொடுத்தாள். 1818இல் வெளிவந்த அவளுடைய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், படைக்கப்பட்ட ஜீவன் கண் திறந்ததும் படைத்தவன் அருவருத்து ஓடுகிறான். பி.ஏ.யில் எங்களுக்கு இதைப் பேய்க்கதை என்றுதான் சொன்னார்கள். எலன் மோயர்ஸ் 1976இல் இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய பயத்தின் கதையாகப் படித்துக் காட்டினார்.

இதெல்லாம் வாரப் பத்திரிகையின் வைத்தியப் பக்கத்துக்கு உரியது என்றார் ஒரு கவிஞ நண்பர். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' முழுக்கச் சாகக் கிடக்கும் மனைவிக்குக் கணவன் செய்யும் பணிவிடைதான். அதை யாரும் வைத்தியப் பக்கத்துக்கு அனுப்பவில்லை. மரணம் இருந்தால் நமக்குத் தத்துவம் கிடைத்துவிடுகிறது. பால் கட்டி ஜுரத்தில் முனகுகிறவளிடம் என்ன தத்துவம் கிடைக்கும்?

என் மனைவி பிள்ளை பெற்ற நாலாம் நாள் சாயங்காலம் காரணமில்லாமல் அழுதாள். குழந்தை நன்றாக இருந்தது, தையலும் ஆறிக்கொண்டு வந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. என் மாமியார் பதறாமல் பூண்டு உரித்துக்கொண்டே, "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாளில் சரியாகும்" என்றார். ஆயிற்று. சிலருக்கு வாரக்கணக்கில் நீடித்து வியாதியாகிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன். அதுவரை நான் படித்திருந்த எந்தக் கதையும் அந்த அழுகையைச் சொல்லியிருக்கவில்லை. பூண்டு உரித்த கைக்குத் தெரிந்திருந்தது.

புனிறு அகராதிக்குப் போய்விட்டது. பச்சை உடம்பு இன்னும் வீடுகளில் புழங்குகிறது. சுடாத மண்பாண்டம், ஆறாத புண், வேகாத கறி எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் அதே பச்சை. அதை எழுத்தில் கொண்டுவரப்போகிறவள் பெரும்பாலும் அந்தப் பாயில் கிடந்து எழுந்தவளாக இருப்பாள். வாசற்படியில் நிற்பவனும் எழுதலாம். நற்றிணைப் பாட்டே வெளியே நின்றவளின் பேச்சுத்தானே.