செண்பகனூர் அருங்காட்சியகமும் பள்ளிக் களப்பயணமும்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 1895இல் இயேசு சபையினர் நிறுவிய திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்தது. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், பூச்சிகள், பழங்குடியினரின் புழங்குபொருள்கள் முதலியவை இங்கே உள்ளன. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வரும் பள்ளி மாணவர்கள் இதையும் பார்த்துச் செல்கின்றனர். பார்த்துச் செல்வதால் அவர்கள் கற்பது என்ன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சேகரிப்பு உருவான முறை

செண்பகனூர்த் துறவியருள் ஆங்லேட் அடிகளார் பழனி மலைத் தாவரங்களைக் கூர்ந்து நோக்கி ஓவியமாகத் தீட்டினார். இம்மலையின் கற்திட்டைகளைப் பற்றி நியூட்டனுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. ஃபோரோ அடிகளார் மாஸ் வகைத் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் கே. எம். மேத்யூ அடிகளார் தொகுத்த பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூல் 1999இல் வெளியானது. இவர்கள் அனைவரும் பின்பற்றிய வழி ஒன்றே: மலையில் நடப்பது, உற்றுப் பார்ப்பது, இடமும் நாளும் குறித்து வைப்பது. இன்றைய களப்பயணத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வழியே. மாணவர்கள் வரிசையில் நடந்து, பெயர்ப்பலகையைப் படித்து அல்லது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வெளியேறுகின்றனர்.

ஆய்வு சொல்வது

ஜான் ஃபாக்கும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பொருந்தும். முற்றிலும் புதிய இடத்திற்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தைகளின் கவனம் அந்த இடத்தின் புதுமையிலேயே செல்கிறது. கொடுத்த பாடத்தில் குறைவாகவே நிற்கிறது என்பது அதன் முடிவு. சமவெளியிலிருந்து வரும் மாணவருக்குக் குளிரும் மூடுபனியும் குரங்குகளுமே முதல் பாடம். முன்கூட்டியே இடத்தை அறிமுகப்படுத்துவதும், திரும்பிய பின் வகுப்பில் பேசுவதும் இல்லாவிட்டால் பயணம் சுற்றுலாவாகவே முடியும்.

கண்ணாடிப் பேழையின் எல்லை

அருங்காட்சியகத்திற்கும் ஒரு குறை உண்டு. பேழையில் உள்ள உயிரி தன் வாழிடத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எது இருந்தது என்பதை அது காட்டும். அது வாழ்ந்த இடம் என்ன ஆயிற்று என்பதைக் காட்டாது. பழனி மலையின் உயர்பகுதிப் புல்வெளிகள் நான்கு பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டன என்று 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு கூறுகிறது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதற்குக் காரணம். அவ்வாய்வை எழுதியவர்களுள் ஒருவரான இயன் லாக்வுட் பள்ளி ஆசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது. பைன், யூகலிப்டஸ், வாட்டில் ஆகிய மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து நடப்பட்டவை. அவற்றையே காடு என்று நினைத்து வளரும் மலைக் குழந்தைக்குத் தன் ஊர் இழந்தது என்ன என்று தெரியாமல் போகும்.

மலைப் பள்ளிகளுக்கு உள்ள வாய்ப்பு

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையுடன் அறிவை இணைக்க வேண்டும் என்பது 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் முதல் வழிகாட்டு நெறி. பாடச்சுமை, தேர்வு, வாகனச் செலவு ஆகியவற்றைக் காரணம் காட்டி இது தள்ளிப் போடப்படுகிறது. அவை உண்மையான தடைகளே. ஆனால் செண்பகனூரைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு வாகனம் தேவையில்லை, இடமும் புதிதல்ல. பள்ளி வளாகத்தையும் அருகிலுள்ள ஓர் ஓடையையோ சோலையையோ ஒவ்வொரு மாதமும் பார்த்து, பூத்தவை, வந்த பறவைகள், பெய்த மழை ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதலாம். அதன்பின் அருங்காட்சியகம் சென்றால், தாம் கண்டதைப் பேழையில் உள்ளதோடு ஒப்பிடும் கேள்விகள் மாணவரிடமே இருக்கும்.

புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்த அது அடுத்து 2030இல் பூக்க வேண்டும். இன்று தொடங்கும் பதிவேட்டை அடுத்தடுத்த வகுப்புகள் தொடர்ந்து எழுதி வந்தால், அந்த ஆண்டில் எங்கே பூத்தது, எங்கே பூக்கவில்லை என்று சொல்லும் சான்று மாணவர்களின் கையெழுத்திலேயே கிடைக்கும்.