வேர்ச்சொல்லின் சாட்சியம்: கிரேக்க உறவுச்சொற்களை வாசித்தவர்கள்

தாய்வழிச் சமூகம் பற்றிப் பேசுகிற கூட்டம் எதுவானாலும், பேச்சின் நடுவே ஒரு கிரேக்கச் சொல் வந்து நின்றுவிடுகிறது. உடன்பிறந்தவனுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘அதெல்ஃபோஸ்’. ‘தெல்ஃபுஸ்’ என்றால் கருப்பை; முன்னால் நிற்கும் ‘அ’ ஒன்றாயிருத்தலைக் குறிக்கும். ஒரே கருப்பையில் பிறந்தவன். ஆகவே ஆதிக் கிரேக்கத்தில் தாயே தலைவி, தந்தை பின்னால் வந்து சேர்ந்தவன் என்று பேச்சு முடியும்; கைதட்டலும் கிடைக்கும்.

சொற்பிறப்பில் பிழை இல்லை. பிழை அந்த ‘ஆகவே’யில் இருக்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் ‘சகோதரன்’ என்ற வடசொல்லும் ஒரே உதரத்தில் பிறந்தவன் என்றுதான் சொல்கிறது. அதைப் புழங்கிய தர்மசாஸ்திரக்காரர்கள் தாய்வழிச் சொத்துரிமையின் காவலர்கள் என்று எவரும் வாதாடக் காணோம். ஒருவனுக்கு இரண்டு மூன்று மனைவியர் இருந்த வீட்டில், ஒரு தாய் மக்களைப் பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்படும். தந்தைவழிக் குடும்பத்துக்குத்தான் அந்தத் தேவை அதிகம்.

இந்த ‘ஆகவே’க்கு வயது நூற்றறுபதுக்கு மேல். 1861இல் பாஹோஃபன் ‘தாயுரிமை’யை வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்த பெரிய சாட்சி ஐஸ்கிலோஸ். கி.மு. 458இல் அரங்கேறிய ‘யூமெனிதேஸ்’ நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்தேஸுக்காக வாதாடும் அப்பொல்லோ, தாய் பெற்றவளே அல்லள், தந்தை இட்ட வித்தை வளர்த்துத் தரும் செவிலி மட்டுமே என்கிறான். தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமை எழுந்த கணம் இது என்றார் பாஹோஃபன். ஆனால் ஹோமரிடம் ‘திக்தேயின்’ என்ற வினை தாய்க்கும் தந்தைக்கும் பொது, நம் ‘பெற்றோர்’ போலவே. அப்பொல்லோ பொதுச் சொல்லைத் தன் கட்சிக்காரனுக்காக ஒரு பக்கம் இழுக்கிறான். அது வக்கீல் வாதம். நாடகத்திலேயே வாக்குகள் சரிபாதியாகப் பிரிகின்றன. ஹிப்போக்ராதேஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் ஒன்று ஆண் பெண் இருவருக்கும் வித்து உண்டு என்கிறது. அரிஸ்டாட்டில் உருவத்தை ஆணுக்கும் பொருளைப் பெண்ணுக்கும் பங்கு பிரிக்கிறார். முடிந்துபோன புரட்சியின் நினைவாக அல்ல, முடியாத தகராறாகவே அது அன்று இருந்தது. (அதே வினையிலிருந்து வந்த ‘தொகோஸ்’ பிறப்பையும் குறிக்கும், வட்டியையும் குறிக்கும். காசு காசைப் பெறுவது இயற்கைக்கு விரோதம் என்று அரிஸ்டாட்டில் எரிச்சல்பட்டது இந்தச் சொல்லை வைத்துத்தான். வட்டி குட்டி போடும் ஊரில் பிறந்தவனுக்கு இதில் வியப்பில்லை.)

பாஹோஃபனுக்குப் பிந்திய கதை எல்லாருக்கும் தெரியும். 1864இல் ஃபுஸ்தெல் த குலாஞ்ஜ் அடுப்பையும் முன்னோர் வழிபாட்டையும் வைத்துத் தந்தைவழிக் குடும்பத்தைக் கட்டி எழுப்பினார். 1871இல் மார்கன், நியூயார்க் மாநிலத்துச் செனகா மக்களும் நம் தமிழரும் தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தை என்றும் தாயின் உடன்பிறந்தாளைத் தாய் என்றும் அழைப்பதைக் கண்டு பூரித்தார். தமிழ்ச் சொற்களை அவருக்குக் கொடுத்தவர் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மிஷனரி. பெரியப்பாவும் சித்தியும் உலக மானுடவியலுக்குள் நுழைந்தது அப்படித்தான். 1877இல் அதே மார்கன், குரோட் எழுதிய கிரேக்க வரலாற்றைப் பிடித்துக்கொண்டு, ஆதன்ஸின் ‘கெனோஸ்’ என்ற குலம், செனகா மக்களை உள்ளடக்கிய இரோக்குவா இனத்துக் குலத்தின் மறுபதிப்பு என்றார். 1884இல் எங்கெல்ஸ் அதை ஓர் அத்தியாயமாக்கினார். 1910இல் கிரெட்ச்மர் என்ற மொழியியலாளர் ‘அதெல்ஃபோஸ்’ பற்றி எழுதிய கட்டுரை, மொழியியலின் முத்திரையையும் குத்தியது.

இந்த வரிசையில் அடுத்து வரும் ஜார்ஜ் தாம்சனை இவ்வளவு வேகமாகக் கடந்துபோக முடியாது. நம்மவர்களால் முடியவே முடியாது. பர்மிங்ஹாமில் அவரிடம்தான் கைலாசபதியும் சிவத்தம்பியும் ஆய்வு செய்தார்கள். சங்கப் பாட்டை வீரயுகமாகவும் கூத்தைச் சடங்கின் வழித்தோன்றலாகவும் வாசிக்க நாம் கற்றது அந்த வழியாகத்தான். 1941இல் ‘ஐஸ்கிலோசும் ஆதன்சும்’, 1949இல் ‘வரலாற்றுக்கு முந்திய ஈஜியன்’. இரண்டும் இன்றும் வாசிக்கச் சுவையானவை. பழங்கதை, சடங்கு, நிலப் பங்கீடு, சொல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசும் அந்தத் துணிச்சல் பின்னால் வந்த எச்சரிக்கைக்காரர்களிடம் இல்லை. ‘ஃப்ராதேர்’ என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்ட விதம் அதற்குச் சான்று. லத்தீனில் ‘ஃப்ராதேர்’, சமஸ்கிருதத்தில் ‘ப்ராதா’ என உடன்பிறந்தவனைக் குறிக்கும் இனச்சொல் கிரேக்கத்தில் மட்டும் அந்தப் பொருளை இழந்து, ‘ஃப்ராத்ரியா’ என்ற சகோதரக் குழுவின் உறுப்பினனைக் குறிக்கிறது. ஏன்? தாய்வழியாக மரபு எண்ணிய ஈஜியன் மக்களோடு கிரேக்கர் கலந்தபோது, பழைய சொல் குழுவுக்குப் போயிற்று, ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குப் புதுச்சொல் வேண்டியதாயிற்று என்றார் தாம்சன். கேள்வி அருமையானது. பதில்தான் நிற்கவில்லை.

ஆதன்ஸில் ஒரே தந்தைக்கு வேறு வேறு தாயரிடம் பிறந்தவர்கள் மணம் செய்யலாம். ஒரு தாய் மக்கள் செய்யக்கூடாது. தெமிஸ்தொக்ளேஸின் மகள் ம்னேசிப்தொலேமா மாற்றாந்தாய்க்குப் பிறந்த தன் சகோதரனையே மணந்தாள். தாய்வழிக் கட்சி இதை விடாமல் காட்டும். ஆனால் ஸ்பார்ட்டாவில் சட்டம் நேர்மாறு, அங்கே ஒரு தாய் மக்கள்தான் மணக்கலாம் என்று அலெக்சாந்திரியாவின் ஃபிலோன் எழுதியிருக்கிறார். ஒரு விதி தாயுரிமையின் எச்சம் என்றால், மற்றது எதன் எச்சம்?

1952இல் வென்ட்ரிஸ், ஈஜியன் அரண்மனைகளின் கணக்கு ஏடுகளில் இருந்த லீனியர் பி எழுத்தைப் படித்துவிட்டார். கிரீட்டின் க்னோசோஸ் அரண்மனைக் கணக்கும் கிரேக்க மொழியில் இருந்தது. பீலோஸ் களிமண் ஏடுகளில் தாயோடு பிள்ளைகள் எண்ணப்படுவது உண்மைதான்: இத்தனை பெண்கள், இத்தனை சிறுமியர், இத்தனை சிறுவர், இவ்வளவு படி. அந்தப் பெண்கள் அரண்மனையில் நூல் நூற்றவர்கள், மாவரைத்தவர்கள். மிலேத்தோஸ், லெம்னோஸ் என்று கடல் தாண்டிய ஊர்ப் பெயர்களால் அறியப்பட்டவர்கள். தாயோடு பிள்ளை எண்ணப்பட்ட இடம் தாயரசு அல்ல, அடிமைக் கொட்டடி என்றே தோன்றுகிறது.

தாம்சனைத் திருத்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1969இல் பென்வெனிஸ்த் எழுதிய இந்தோ-ஐரோப்பிய நிறுவனச் சொற்களின் அகராதி பேரழகு கொண்ட நூல்; அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1976இல் வந்த இரண்டு நூல்களை யாரும் காட்டுவதில்லை. ஃபெலிக்ஸ் புரியோ ‘கெனோஸ்’ பற்றி இரண்டு பெருந்தொகுதி எழுதினார். தெனி ரூசெல் குலத்துக்கும் நகரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்த முடிவு ஒன்றே. நகரத்துக்கு முன் இருந்து, நகரம் தோன்றியதும் கரைந்துபோன ஆதிக்குலம் என்ற ஒன்றுக்கு ஆதாரம் இல்லை. எலுசிஸ் சடங்குகளை நடத்திய எவ்மொல்பிதாய், கேரிகேஸ் போன்ற ‘கெனோஸ்’கள் பூசாரிப் பட்டத்தைக் காத்த குழுக்கள். அல்க்மயோனிதாய் போன்ற அரசியல் குடும்பம் வெறும் குடும்பம்தான். நான்கு குடி, பன்னிரண்டு ஃப்ராத்ரியா, ஒவ்வொன்றிலும் முப்பது கெனோஸ், கெனோஸுக்கு முப்பது ஆள் என்று அரிஸ்டாட்டில் பள்ளியின் துணுக்கு ஒன்று கொடுக்கும் கணக்கை 19ஆம் நூற்றாண்டு மண்டியிட்டு ஏற்றது. பருவம் நான்கு, மாதம் பன்னிரண்டு, நாள் முப்பது என்று அந்தத் துணுக்கே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. அது பஞ்சாங்கம், குடிமதிப்பு அல்ல.

புரியோவின் நடை வறண்டது. ஒரு சொல் எங்கெங்கு வருகிறது, யார் வாயில் வருகிறது, எந்த ஆண்டில் வருகிறது என்று பக்கம் பக்கமாக அடுக்குவார். ஆனால் அந்த வறட்சிதான் வழி காட்டியது. அவர் காட்டிய திசையில் போனால் நாம் போய்ச் சேருவது ஐசாயோஸ் என்ற வாதுரைஞனிடம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கூலிக்கு நீதிமன்ற உரை எழுதியவன். நமக்குக் கிடைத்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வாரிசுச் சொத்துத் தகராறு.

எட்டாம் உரை கிரோன் என்பவனின் சொத்து பற்றியது. மகளின் மகன் ஒரு பக்கம், தம்பியின் மகன் மறுபக்கம். மகள் அவனிலிருந்து பிறந்தவள், தம்பி அவனோடு பிறந்தவன், எது நெருக்கம் என்று கேட்கிறான் பேரன். எதிராளியோ உன் தாய் கிரோனுக்குப் பிறந்தவளே அல்லள் என்கிறான். ஏடு இல்லை, பதிவு இல்லை. பிறப்பை எப்படி நிரூபிப்பது? தாத்தா எங்களை எல்லாப் பலிக்கும் அழைத்துப் போனார். வெளியார் எவரையும் சேர்க்காத வீட்டுச் சேயுஸ் பூசையில் எங்களை அருகில் நிறுத்தினார். என் தந்தை மணம் முடித்தபோது ஃப்ராத்ரியாவுக்கு விருந்து வைத்தார். ஊர்ப் பெண்கள் தெஸ்மொஃபோரியா விழாவை நடத்த என் தாயைத் தேர்ந்தார்கள். பந்தியிலும் பூசையிலும் நின்ற இடமே இரத்தத்துக்குச் சாட்சி. கி.மு. 396இல் தெகெலேயா ஊர் ஃப்ராத்ரியா கல்லில் வெட்டிவைத்த தீர்மானமும் இதையே சொல்கிறது: மகனைச் சேர்க்க வருபவனுக்கு மூன்று சாட்சிகள் சத்தியம் செய்ய வேண்டும், பூசாரிக்குப் பலியில் தொடையும் விலாவும் காதும் காசும் போக வேண்டும்.

இந்த மன்றத்தில் கனத்த சொல் ‘அங்கிஸ்தேயா’. அதற்குப் பிறப்போடு தொடர்பில்லை. மிக அருகில் இருப்பது என்பதே பொருள். அதன் வரிசையைக் கேளுங்கள். பிள்ளையின்றி இறந்தவனுக்கு முதல் வாரிசு ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரன், அவன் மக்கள். பிறகு ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரி, அவள் மக்கள். பிறகு தந்தைவழிப் பங்காளிகள், அவர்கள் மக்கள் வரை. இவர்கள் எவரும் இல்லாவிட்டால்தான் தாய் மட்டும் பொதுவான சகோதரனின் முறை. தன் பெயரிலேயே கருப்பையைச் சுமக்கும் அதெல்ஃபோஸ், சட்டத்தில் பங்காளியின் பிள்ளைக்கும் பின்னால் நிற்கிறான். வேர்ச்சொல்லைக் கேட்டவர்கள் இந்த வரிசையைப் படித்திருந்தால் போதும்.

சொல் இப்படி வழக்கில் வளைவதை நகரங்களும் அறிந்திருந்தன. கி.மு. 206இல் மத்தியக் கிரேக்கத்தின் கிதெனியோன் ஊரார், இடிந்த மதிலைக் கட்டப் பணம் கேட்டு, லிக்கியாவின் க்சாந்தோஸுக்குத் தூது போனார்கள். லேதோ இரட்டையரைப் பெற்றது உங்கள் மண்ணில், அந்த இரட்டையரில் ஒருவனான அப்பொல்லோவின் மகன் அஸ்க்லேபியோஸ் பிறந்தது எங்கள் மண்ணில், ஆகவே நாம் உறவு என்று வம்சாவளி விரித்தார்கள். 1988இல் பதிப்பிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு க்சாந்தோஸாரின் பதிலையும் தருகிறது. உறவை மனமாரப் பாராட்டினார்கள், கஜானா காலி என்று வருந்தினார்கள், கடன் வாங்கி 500 திராக்மா கொடுத்தார்கள். மதிலுக்கு அது எம்மட்டு? ஆனாலும் உறவு மறுக்கப்படவில்லை.

2018இல் சாலி ஹம்ஃப்ரீஸ் ஆதன்ஸ் உறவுமுறை பற்றிய தன் வாழ்நாள் உழைப்பை இரண்டு தொகுதிகளில் முடித்தார். பெயர் வைப்பு, கல்லறை, வழக்கு, பலி என்று உறவு புழங்கிய இடங்களில் அதைத் தேடும் நூல் அது. ஆதிக்குலத்துக்கு அதில் வேலை இல்லை. தமிழில் எங்கெல்ஸின் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு’ போதுமான பதிப்புகள் கண்டுவிட்டது. இன்னொரு பதிப்புக்குத் தாள் வாங்கியிருக்கும் பதிப்பாளர் அதில் ஒரு பகுதியை ஐசாயோஸின் எட்டாம் உரைக்கு ஒதுக்கலாம். சித்தப்பன் மகனிடம் பங்கு கேட்டு முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்த வீட்டாருக்கு அதில் அடிக்குறிப்புகூடத் தேவைப்படாது.