புகழ்ச்சியுள் மறையும் இனவாதம்: உதைபந்தாட்டம் பற்றிய பார்வைகள் சில

1

இலக்கியத்தையும் நாடகத்தையும் சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்கப் பழகிய நாம், இலட்சக்கணக்கான மக்கள் ஒன்றுகூடும் விளையாட்டு மைதானத்தை வெறும் பொழுதுபோக்குக் களமாகவே கருதி விட்டுவிடுகிறோம். திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட் பற்றி 1963 இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி' என்னும் நூல், இம்மனப்போக்குக்குத் தக்க மறுப்பாக அமைந்தது. மேற்கிந்திய அணியில் கறுப்பினத்தவர் பந்து வீசலாம், துடுப்பெடுத்தாடலாம்; ஆனால் தலைமை தாங்குவது வெள்ளையருக்கே உரியது என்ற வழமை நெடுங்காலம் நிலவிற்று. 1960 இல் பிராங்க் வொறெல் நிரந்தரத் தலைவராக நியமிக்கப்படுவதற்கு ஜேம்ஸ் நடத்திய பத்திரிகை இயக்கமும் ஒரு காரணமாயிற்று. உடல் ஓரினத்துக்கு, அறிவு இன்னோரினத்துக்கு என்ற அப்பாகுபாடே உதைபந்தாட்டத்திலும் தொழிற்படுவதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இனவாதத்தை இழிசொல்லாகவும் வசையாகவும் மட்டுமே இனங்காண்பது எளிது. புகழ்ச்சியாக வரும்போது அதனை இனங்காண்பது அரிது. இதனைத் தெளிவுபடுத்தப் பிரேசில் நாட்டின் அனுபவம் பெரிதும் உதவும்.

2

பிரேசிலில் அடிமைமுறை 1888 இலேயே ஒழிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் அந்நாட்டில் வேரூன்றிய உதைபந்தாட்டம், தொடக்கத்தில் ஐரோப்பியரதும் உள்ளூர் உயர்குடியினரதும் கழக விளையாட்டாகவே இருந்தது. 1923 இல் ரியோ டி ஜெனீரோவின் வாஸ்கோ ட காமா கழகம், கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வறிய வெள்ளையரும் கலந்த அணியைக் கொண்டு நகரச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டே பெரிய கழகங்கள் பிரிந்துசென்று புதிய சங்கம் அமைத்தன. அதிற் சேரவேண்டுமாயின் பன்னிரண்டு வீரர்களை விலக்குமாறு வாஸ்கோவிடம் கேட்கப்பட்டது. கழகத் தலைவர் 1924 ஏப்பிரலில் எழுதிய கடிதத்தின் மூலம் அதனை மறுத்து, சங்கத்திற் சேரும் எண்ணத்தையே கைவிட்டார்.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது, விலக்குதலுக்குக் கூறப்பட்ட காரணங்களையே. வீரர்களின் தொழில், எழுத்தறிவு, சமூகத் தகுதி ஆகியனவே வினாவுக்குரியனவாயின. நிறத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவேண்டிய தேவையே எழவில்லை. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கூலித்தொழிலாளராகவும் எழுத்தறிவற்றோராகவும் இருந்த சமுதாயத்தில், தொழிலை வினாவுவது நிறத்தை வினாவுவதேயாகும். இனவேறுபாடு வர்க்க வேறுபாட்டின் மொழியிற் பேசிய தருணம் அது.

1933 இல் தொழில்முறை ஆட்டம் வந்தபின் நிலைமை மாறிற்று. 1938 உலகக்கிண்ணப் போட்டியில் லியோனிடாஸ் ட சில்வா ஏழு கோல்களைப் பெற்று முதலிடம் வகித்தார். அவ்வாண்டில், சமூகவியலாளர் கில்பேர்த்தோ பிரெய்ரே, பிரேசிலின் ஆட்டமுறையைக் கலப்பினத்தாரின் ஆட்டமென விதந்து எழுதினார். ஐரோப்பியரின் ஆட்டம் ஒழுங்கும் திட்டமும் சார்ந்தது. பிரேசிலியரின் ஆட்டமோ நடனம் போன்றது, இயல்பூக்கத்திற் பிறந்தது என்பது அவரது கருத்து. பத்திரிகையாளர் மாரியோ பில்ஹோ 1947 இல் வெளியிட்ட, 'பிரேசில் உதைபந்தாட்டத்தில் நீக்ரோ' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் பிரெய்ரேயே.

இந்நூலின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடல் தகாது. கழகங்களின் உள்ளறைகளில் நிகழ்ந்த அவமதிப்புகளையும், நேர்த்தியாக்கிய தலைமயிருடன் மைதானத்துக்கு வந்த வீரர்களின் மனவடுக்களையும் முதன்முதல் விரிவாகப் பதிவுசெய்த நூல் அது. ஆனால் அதன் அடிப்படைக் குறைபாடு ஒன்றையும் சுட்டவேண்டும். திறமை தடைகளை ஒவ்வொன்றாக வென்று, ஈற்றில் இன இணக்கத்தை ஏற்படுத்துகிறது என்ற வளர்ச்சிக்கதையாகவே அவர் வரலாற்றைக் கட்டமைக்கிறார். 1990களில் எழுந்த ஆய்வாளர் சிலர், வாய்மொழி நினைவுகளையே பெரிதும் நம்பிய இக்கதையமைப்பை ஐயத்துக்கு உட்படுத்தினர். நம்மைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது: திறமையால் மனிதத்தகுதியை ஈட்டிக்கொள்ள வேண்டியவன், திறமை பிழைக்கும் நாளில் எங்கே நிற்பான்?

3

அதற்கான விடை 1950 ஜூலை 16 ஆம் நாள் கிடைத்தது. மரக்கானா மைதானத்தில், ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் முன்னிலையில், சமநிலை பெற்றாலே உலகக்கிண்ணம் கைவரும் என்ற நிலையில் ஆடிய பிரேசில், உருகுவேயிடம் 2-1 எனத் தோற்றது. உருகுவேயின் கிஜியா வலப்புறமாக முன்னேறி அடித்த இரண்டாவது கோலுக்குப் பழி சுமந்தவர்கள் மூவர்: அவரைத் தடுக்கத் தவறிய பிகோடே, உதவிக்கு விரைந்து வராத ஜுவெனால், பந்து குறுக்கே வருமென எதிர்பார்த்து முன்னகர்ந்த கோல் காப்பாளர் மொவாசிர் பர்போசா. மூவரும் கறுப்பினத்தவராக அல்லது கலப்பினத்தவராக இருந்தமை தற்செயலென ஒதுக்கத்தக்கதன்று. வெற்றியீட்டிய உருகுவே அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலாவும் ஆபிரிக்க வழித்தோன்றலே. ஆயினும் அவரது தலைமைத்துவம் இனத்தின் உறுதிக்குச் சான்றாகக் கொள்ளப்படவில்லை. பர்போசாவின் தவறு மட்டும் இனத்தின் பலவீனத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

கோல் காப்பாளர் எவராயினும் பழிக்கு ஆளாவது இயல்புதானே எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று, பயிற்சியாளர் பிளாவியோ கோஸ்தாவும் கண்டனத்துக்கு உள்ளானார். எனவே பழி சுமத்தப்பட்டதா என்பதன்று வினா. பழி அத்தனிமனிதரோடு நின்றதா, அன்றி அவர் சார்ந்த இனத்தின்மீது படர்ந்ததா என்பதே வினா. வெள்ளையரான பயிற்சியாளரின் தவறு அவருடைய தவறாகவே நின்றது. பர்போசாவின் தவறோ, கறுப்பினத்தவர் கோல் காப்பிடத்துக்கு உகந்தவரல்லர் என்ற பொது நம்பிக்கையாகத் தலைமுறைகள் கடந்து நிலைத்தது. தன்னாட்டின் உச்சத் தண்டனையே முப்பதாண்டுதான், தாமோ ஐம்பதாண்டு அனுபவித்துவிட்டதாகப் பர்போசா கூறியமை யாவரும் அறிந்தது. 2000 ஏப்பிரலில் அவர் மறைந்தார். 1924 இல் தன் வீரர்களைக் கைவிட மறுத்த அதே வாஸ்கோ கழகத்தின் கோல் காப்பாளராகவே அவர் புகழீட்டியிருந்தார் என்பதை வரலாற்றின் முரணாகவே கொள்ளவேண்டும்.

1964 இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில், மாரியோ பில்ஹோ இத்தோல்வியின் விளைவுகளையும் சேர்த்தெழுதினார். இனவெறுப்பு மீண்டெழுந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் 1958 இல் பேலேயின் வருகையோடு கறுப்பின வீரர் மீட்புற்றார் என்பதே அவரது முடிபு. தோல்வியால் வந்த களங்கம் வெற்றியால் துடைக்கப்படுவதாக அவர் கொள்ளும்போது, களங்கம் என ஒன்று இருந்ததாக அவரும் ஏற்றுக்கொள்கிறார். மேலும், அதே 1958 இல் அணியின் உளவியலாளர் நடத்திய சோதனைகள் பேலேயையும் கரிஞ்சாவையும் முதிர்ச்சி போதாதோராகக் காட்டின. அம்முடிவைப் பொருட்படுத்தாது பயிற்சியாளர் அவர்களை ஆடவைத்திராவிடின் உலகம் அவர்களை அறிந்திராது.

பிரெய்ரே புகழ்ந்த இயல்பூக்கமும் 1950 இற்குப்பின் பழிக்கப்பட்ட உறுதியின்மையும் ஒரே கருத்துநிலையின் இரு முகங்களாகும். வீரனின் ஆட்டத்தை இயற்கையின் கொடை என்போமாயின், அவன் வியர்வை சிந்திப் பெற்ற பயிற்சியையும், கணத்தில் முடிவெடுக்கும் அறிவையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். பறித்தபின், நெருக்கடி வேளையில் அறிவு இல்லையே எனக் குறைகூறுகிறோம்.

இது பழங்கதையன்று. 2020 இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிறுவனமொன்று, 2019-20 பருவத்தில் நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களுக்கான ஆங்கில நேர்முக வர்ணனைகளை ஆராய்ந்தது. வர்ணனையாளர் கூறிய 2,073 கூற்றுகளுள், அறிவுத்திறனைப் புகழ்ந்தவற்றில் 62.6 சதவீதம் வெளிர்நிற வீரரைச் சார்ந்தன. அறிவின்மையைக் குறைகூறியவற்றில் 63.3 சதவீதம் கருநிற வீரரைச் சார்ந்தன. உடல் வலிமை பற்றிய பேச்சு கருநிற வீரர் விடயத்தில் ஆறு மடங்குக்கு மேல் நிகழக்கூடியதாயிருந்தது. வர்ணனையாளர்களுட் பெரும்பாலோர் வெறுப்புணர்வு கொண்டோரல்லர். தாம் பாராட்டுவதாகவே நம்பியிருப்பர். கருத்துநிலை வலிமை பெறுவது, அது கருத்தாகவே தோன்றாதபோதுதான்.

4

பார்வையாளர் திடல்களையும் இவ்வளவுகோலால் நோக்குதல் அவசியம். 1984 ஜூனில் அதே மரக்கானாவில், ஜமேய்க்காவிற் பிறந்த ஜோன் பார்ன்ஸ் இங்கிலாந்துக்காக அரியதொரு கோலைப் பெற, அவ்வணி 2-0 என வென்றது. அணியுடன் பயணித்த தேசிய முன்னணி ஆதரவாளர் சிலரோ, கறுப்பர் பெற்ற கோலைக் கணக்கிடமுடியாதெனக் கூறி 1-0 என்றே கொண்டனர். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் தண்டனை உதையைத் தவறவிட்ட ராஷ்போர்ட், சான்சோ, சாகா மூவர்மீதும் பொழியப்பட்ட இனவசை, பர்போசாவின் கதை முடியவில்லை என்பதை உணர்த்திற்று. ஸ்பெயினின் வலென்சியா நகரில் 2023 மே மாதத்தில் வினீசியஸ் ஜூனியரை இனத்தைச் சுட்டி இழித்த மூவருக்கு, 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனை வேண்டியதே. எனினும் இனவாதத்தைப் 'படிப்பறிவற்ற கும்பலின்' நோயாகக் காணும் போக்கை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. அதுவும் ஒரு முன்முடிவே. அதன் விலையை 1989 ஏப்பிரல் 15 இல் நிகழ்ந்த ஹில்ஸ்பரோ அவலம் காட்டிற்று. நெரிசலிற் சிக்கி 97 லிவர்பூல் ஆதரவாளர் மாண்ட அந்நிகழ்வுக்கு, குடிவெறி கொண்ட இரசிகரே காரணம் எனப் பொலிஸ் தரப்பு கூறியதையும், இறந்தோரை அவர்கள் கொள்ளையிட்டனர் எனச் 'சன்' நாளிதழ் நான்கு நாட்களுக்குள் எழுதியதையும் பலர் எளிதில் நம்பினர். தொழிலாள வர்க்க இரசிகர் அத்தகையோரே என்ற எண்ணம் முன்னரே வேரூன்றியிருந்தமையே அதற்குக் காரணம். இரசிகர்மீது தவறில்லை என்றும், மரணங்கள் சட்டவிரோதக் கொலைகளே என்றும் நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

திடலின் வசையை மட்டும் இனவாதமெனக் கண்டால், வர்ணனைக் கூடமும் பத்திரிகை அலுவலகமும் கழக இயக்குநர் அறையும் தப்பித்துக்கொள்கின்றன. வாழைப்பழத்தை எறிபவனைக் கண்டு முகஞ்சுளிக்கும் கனவானே, கறுப்பின வீரரின் 'இயற்கை வலிமை'யை வியந்துவிட்டு, பயிற்சியாளர் பதவிக்கு வேறொருவரைத் தேடக்கூடும்.

ஆகவே, இனத்தின் பெயரால் வரும் பழியை மறுப்பது போலவே, இனத்தின் பெயரால் வரும் புகழையும் மறுத்தல் வேண்டும். ஒரு வீரன் வெல்லும்போது அவனது வெற்றி அவனுடையதாகவும், தவறும்போது அவனது தவறு அவனுடையதாகவும் மட்டுமே இருக்கும் நிலையே உண்மையான சமத்துவமாகும். பர்போசா வேண்டியது புகழையன்று. ஏனைய மனிதர்களைப் போலத் தாமும் ஒருமுறை தவறுவதற்கான உரிமையையே.