வாசிப்பின்பமும் வகைமைக் காவலர்களும்: சில குறிப்புகள்

நம் கூட்டங்களில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் 'ரசித்துப் படித்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும், அவரை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். 'உலுக்கியது', 'தொந்தரவு செய்தது', 'கேள்விக்குட்படுத்தியது' என்றெல்லாம் சொல்லலாம். ரசித்தேன் என்பது மட்டும் ஆகாது. ரசனை என்ற சொல்லே ஒரு குறிப்பிட்ட தெருவின் சரக்கு என்று ஆகிவிட்டது. இதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. டி.கே.சி. வழிவந்த ரசனை, சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை போட்டுக்கொள்கிறவர்களின் ரசனையாக இருந்தது. அதைத் தூக்கியெறிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தூக்கியெறிந்தபோது கூடவே வேறொன்றும் போய்விட்டது. விழுந்து விழுந்து படிப்பது, பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாமல் போவது, தனியாக உட்கார்ந்து சிரிப்பது. இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நம் விமர்சனத்துக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் ரோலான் பார்த்தை நாம் இறக்குமதி செய்த விதம். 1960களின் பிற்பகுதியில் அவர் எழுதிய ஆசிரியனின் மரணம் பற்றிய கட்டுரை நமக்கு மனப்பாடம். 1973இல் அதே மனிதர் பிரதி தரும் இன்பம் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தாண்டிப் படிப்பது, அலுப்பது, ஓரிடத்தில் நின்றுபோவது, உடம்பு சிலிர்ப்பது என வாசகனின் உடம்பையே அதில் பேசினார். அந்தப் பார்த்தை நாம் ரொம்ப அழைத்துப் பேசவில்லை. மரணம் தமிழ்ச் சூழலுக்குச் சட்டென்று ஒத்துப்போயிற்று. இன்பம் சுங்கச் சாவடியிலேயே நின்றுவிட்டது.

நான் எல்லாம் படிக்கிறவன். துப்பறியும் கதை, பேய்க்கதை, காமிக்ஸ், சரித்திர நாவல், அரசியல்வாதியின் நினைவுக் குறிப்பு, சிறைக் குறிப்பு, தலித் தன்வரலாறு, எல்லாம். 'என்ன தோழர், நீங்களுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இது ஏதோ பலவீனம் என்பதுபோல, ஓய்வு நேரத்தில் பீடி குடிப்பதைப்போலப் பேசுகிறார்கள். வகைமை தாண்டிப் படிப்பது ஒரு வாசிப்பு முறை. அது இல்லாததால் நாம் சில முக்கியமான பிரதிகளையே தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எடுத்துக்கொள்வோம். வந்த ஆண்டு 1936. எழுதியவர் சிறு வயதிலேயே தாசித்தொழிலுக்கு விற்கப்பட்டவர். அதிலிருந்து வெளியேறிக் காங்கிரசில் வேலை செய்து, பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. நாவல் அதற்குப் பதினொரு வருடம் முந்தியது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அம்மையார் பெயர் 1989இல் வந்த திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் தெரியும் (2022இல் அது உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டது). நாவலாசிரியராகத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் அதை 'ஆவணம்' என்கிறார்கள். பெண்ணிய வரலாற்றுக்கு ஆதாரம், சுயமரியாதை இயக்கத்தின் பிரச்சாரப் பிரதி என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இது என்ன வகை? சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது, ஆகவே தன்வரலாற்றின் நிழல் இருக்கிறது. மைனர்களை மயக்கிச் சொத்தைக் கரைக்கும் சூழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. அந்தக் காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் வளர்த்துவிட்ட மர்ம நாவலின் ருசி அது. இடையிடையே பாத்திரங்கள் மேடையேறியதுபோலச் சொற்பொழிவாற்றுகிறார்கள். அது துண்டுப் பிரசுரம். தூய இலக்கியவாதிக்கு இது கலப்படம். முற்போக்காளருக்கு மர்மக்கதைப் பகுதி ஒரு சங்கடம், 'மக்களைக் கவர அன்று தேவைப்பட்டது' என்று சமாதானம் சொல்லிக் கடந்துவிடுவார்.

எனக்கு அந்தப் பகுதிதான் பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், சொற்பொழிவுகளைத் தாண்டிக்கொண்டு மோசடிகளைப் படித்தேன். தாண்டிப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. பிரதி மேலோட்டமாகத் தாசிகளைக் கண்டிக்கிறது. சில இடங்களில் குற்றம் முழுவதையும் அவர்கள் தலையிலேயே சுமத்துகிறது என்ற விமர்சனம் சரியானதுதான். ஆனால் சூழ்ச்சிகளைச் சொல்லும்போது மொழிக்கு ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. பணமும் நிலமும் சாதியும் வைத்துக்கொண்டிருக்கிற ஆண்கள் எத்தனை மடையர்கள் என்பதை உள்ளிருந்து பார்த்தவளின் குஷி அது. ஒழிக்க வேண்டிய தொழில் என்று அம்மையாரின் கொள்கை சொல்கிறது. அந்தத் தொழிலில் பெண்கள் கற்ற சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க அவருடைய எழுத்தால் முடியவில்லை. ஆவணமாகப் படிப்பவருக்கு இந்த இழுபறி அகப்படாது. மர்ம நாவல் படித்துப் பழகிய கண்ணுக்குத்தான் அகப்படும்.

இப்போது 'கருக்கு'. 1992இல் பாமா எழுதி வெளிவந்த நாள் முதல் அதை நாம் அழுதுகொண்டே படிக்கிறோம். கல்லூரிகளில் அது பாடம். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போன பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாடம். 'வலியின் சாட்சியம்' என்று ஒரு சொற்றொடர் எங்கேயோ பிறந்து எல்லாக் கட்டுரைகளிலும் குடியேறிவிட்டது. வலி இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும் அந்தப் புகழ்பெற்ற பகுதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட நடை. குரங்காட்டி, பாம்பாட்டி, நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் மிதிக்கிறவன், கோவில், கட்சிக் கூட்டம், காப்பிக் கடை என்று அடுக்கிக்கொண்டே போகிறார் பாமா. கதை நகரவே இல்லை. வாசகரும் சிறுமியோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். அப்புறம்தான் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். சிறுமிக்குச் சிரிப்பு. வாசகருக்கும் சிரிப்பு, ஏனென்றால் அதுவரை பார்த்த வேடிக்கைகளின் வரிசையில் அதுவும் ஒரு வேடிக்கை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்று நாயக்கர் வாங்கமாட்டார், அதனால்தான் நூல் என்கிறான்.

இது அப்பட்டமான நகைச்சுவைக் கட்டமைப்பு. நம்மைச் சிரிக்க வைத்து, சிரித்த வாயோடே பிடிக்கிறது. சிரிக்காமல், முதல் வரியிலிருந்தே துக்க வீட்டு முகத்தோடு படிக்கிறவருக்கு இந்த இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை. அவருக்கு முன்பே தெரியும், தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்கிறார். தலித் அல்லாத வாசகருக்கு அழுகை மிகவும் சௌகரியமான விஷயம் என்பது என் எண்ணம். அழுதால் கணக்குத் தீர்ந்துபோகிறது. சிரித்தவருக்கு அப்படித் தீராது, 'நாம் எதற்குச் சிரித்தோம்?' என்ற கேள்வி அவரிடம் மிச்சமிருக்கும். தலித் எழுத்தாளர் சாட்சி மட்டும் சொல்லலாம், கலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய வேலைப் பிரிவினைதான் 'சாட்சியம்' என்ற பாராட்டுக்குள்ளும் வேலை செய்கிறது.

இன்னொன்று. பிலிப் லெஜூன் என்ற பிரெஞ்சுக்காரர் 1975இல் 'தன்வரலாற்று ஒப்பந்தம்' என்று ஒரு கருத்தைச் சொன்னார். அட்டையில் இருக்கிற பெயரும் கதைசொல்லியின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் அது தன்வரலாறு, அதில் வாசகருக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது என்பது சாரம். பாமா என்பதே புனைபெயர். 'கருக்கி'ன் கதைசொல்லிக்குப் பெயரே கிடையாது. ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தே விழவில்லை. கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) கையெழுத்துப் போட்ட தன்வரலாறு. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) தன் கதையைப் படர்க்கையில் போட்டு, தன்னையே நையாண்டி செய்து, நாவல் என்று சீட்டு ஒட்டிக்கொண்டது. மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி 'தலித் தன்வரலாறுகள்' என்று பலகை மாட்டுவது நூலகருக்கு வசதி, அவ்வளவுதான்.

வகைமையைக் குழப்பிக்கொள்வது கல்விப்புலத்து விளையாட்டு, நமக்கெதற்கு என்று களப்பணித் தோழர்கள் கேட்கலாம். அடி விழுவது அங்கேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் சுஜாதா 1857ஐ வைத்து 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று குமுதத்தில் ஒரு தொடர்கதை தொடங்கினார். தங்கள் சாதியை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு வந்தது, தொடர் நின்றது. பிறகு 'இரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதினார். வெகுஜனத் தொடர்கதைதானே என்று சிறுபத்திரிகைகள் அலட்டிக்கொள்ளவில்லை. 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' மீது 2014 டிசம்பரில் போராட்டம் தொடங்கியபோது அதே வாதம் வந்தது. நாவலைச் சரித்திர ஆவணமாகப் படித்து 'எங்கள் ஊரில் இப்படி நடந்ததற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்டார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன் மரணத்தைத் தானே அறிவிக்க வேண்டியதாயிற்று. பார்த் சொன்ன மரணம் வேறு, இது வேறு. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீதிமன்றத்துக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயத்தை, அதாவது படிப்பதும் படிக்காமல் இருப்பதும் விருப்பத்தின்பாற்பட்டது என்பதை, நம் விமர்சனம் சொல்லிக்கொடுத்ததில்லை. தன்வரலாறுகளில் ஆதாரத்தை மட்டும் தேடச் சொல்லி வாசகரைப் பழக்கினோம். அந்தப் பழக்கம் நாவலிலும் ஆதாரம் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறது.

இன்பம் என்றாலே நல்லது என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மாத நாவல்களில் எத்தனை கதைகள் ஒரு இளம்பெண்ணின் பிணத்தோடு தொடங்குகின்றன! அந்தப் பெண்ணுக்குப் பெயரும் புடவை நிறமும் மட்டும் இருக்கும், முதல் அத்தியாயத்தோடு அவள் கதை முடிந்துபோகும். 1968இல் 'நைலான் கயிறு' மூலம் வந்த கணேஷும் பின்னால் சேர்ந்துகொண்ட வசந்தும் எனக்கு இன்னும் பிடிக்கும். வசந்த் அடிக்கும் பெண்கள் பற்றிய கமெண்டுகள் இன்று படிக்கச் சகிக்கவில்லை. இரண்டும் ஒரே வாசகனுக்குள்தான் நடக்கின்றன. அந்த இன்பம் எங்கே ஓடுகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று அதைப் படித்து அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். தொடாமலே குப்பை என்பவரிடம் விமர்சனம் இல்லை, ஆசாரம் இருக்கிறது.

ஈழத்திலிருந்து ஒரு புத்தகம். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. விடுதலை இயக்கம் ஒன்றின் பயிற்சி முகாம்களுக்குள் சொந்தத் தோழர்களையே சித்திரவதை செய்து கொன்றதை, அந்த இயக்கத்திலிருந்து தப்பி வந்தவர்கள் வெளியே சொன்ன நூல். நினைவுக் குறிப்பாக எழுதியிருந்தால் பெயர்கள் சொல்ல வேண்டும்; சொன்னால் இன்னும் உள்ளே இருப்பவர்கள் சாவார்கள். நாவல் என்ற வகை அங்கே உயிர்காக்கும் மறைப்பாக இருந்தது. அதைப் படித்தவர்கள் அதன் அரசியலைப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் அதை மூச்சு வாங்கப் படித்தேன், துரத்தல் கதை படிப்பதுபோல, அடுத்த பக்கத்தில் யார் மாட்டிக்கொள்வார்களோ என்ற பதைப்போடு. இதைச் சொன்னால் 'கொலைகளை ரசிக்கிறாயா?' என்று கேட்பார்கள். அந்தப் பதைப்பு இல்லாமல் முகாமில் ஒரு இரவு என்றால் என்னவென்று எனக்கு எந்த அறிக்கையும் சொல்லியிருக்காது. 1991இல் கோவிந்தனை விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்தில் பிடித்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை.

கடைசியாகச் சிவகாமி. 'பழையன கழிதலும்' எண்பதுகளின் இறுதியில் வந்தபோது, தலித் தலைவர் ஒருவரைத் தலித் பெண்ணே விமர்சிப்பதா என்று ஒரு சச்சரவு. 1997இல் அவர் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். நாவலை எழுதியவள் அந்த ஊருக்குத் திரும்பிப் போகிறாள். தன் காத்தமுத்துவையும் கௌரியையும் தான் எப்படிப் படைத்தேன், எதை விட்டேன், எதைக் கூட்டினேன் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறாள். நாவலா, நினைவுக் குறிப்பா, விமர்சனமா? புலன்விசாரணை என்றுகூடச் சொல்லலாம், குற்றவாளியும் துப்பறிபவரும் ஒருவரே. 2006இல் ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே அட்டைக்குள் போட்டார்கள். தமிழிலும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள், முதலில் நாவல், உடனே குறிப்பு. முதல் தடவை காத்தமுத்துமேல் வந்த கோபத்தில் பாதி, இரண்டாவது புத்தகத்தில் எழுதியவள் மேலும் நம்மேலுமாகப் பிரிந்துபோகிறது. எனக்குப் பிரிந்தது.