அழிக்கப்பட்ட பெயரும் அழியாத வினாவும்

அரசியலைக் கருவாகக் கொண்ட நாவல்கள் தமிழில் குறைவல்ல. ஆயினும், ஓர் உயர்ந்த கொள்கையின் பெயரால் அரசு மனிதனை விழுங்கிய கொடுமையைத் தன் மண்ணில் நின்று ஆராய்ந்த நாவல் அரிது. அவ்வரிய முயற்சிகளுள் முதன்மையானது, ஜெயமோகன் எழுதி 1999-இல் தமிழினி வெளியீடாக வந்த ‘பின்தொடரும் நிழலின் குரல்’ எனலாம்.

ஒடுகத்தூரிலும் ஆம்பூரிலும் வாழும் நமக்கு மாஸ்கோவின் கதை எதற்கு என வினவுவோர் இருக்கலாம். ஆனால் மாஸ்கோ நமக்கு அத்துணைத் தொலைவில் இருந்ததில்லை. இந்தியக் காலணிகளையும் அவற்றின் மேற்பாகங்களையும் சோவியத் நாடு ரூபாய்க் கணக்கில் வாங்கிய காலம் ஒன்றிருந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் சில ரூபாய்க்கு நம் வீடுகளுக்கு வந்தன. கார்க்கியின் ‘தாய்’ தொ. மு. சி. ரகுநாதனின் தமிழில் பல உள்ளங்களைக் கனியவைத்தது. உழைப்பவனுக்கும் மாண்பு உண்டு என்ற அந்தக் குரலை நம்பியவர்கள் தீயோர் அல்லர், நல்லோர். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அந்த நல்லோரின் நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று? நாவலாசிரியர் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

மேலைநாட்டார் இப்பொருளை முன்னரே எழுதினர். ஆர்தர் கோஸ்ட்லர் 1940-இலும் ஜார்ஜ் ஆர்வெல் 1945-இலும் 1949-இலும் எழுதிய நாவல்கள் உலகறிந்தவை. ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழாக்கித் தந்தவர் க. நா. சுப்ரமண்யம். கோஸ்ட்லர் கட்சியில் இருந்து வெளியேறியவர். ஆர்வெல் ஸ்பெயின் போர்க்களத்தில் ஸ்டாலினியரின் வேட்டையை நேரில் கண்டவர். ஜெயமோகனுக்கு அத்தகைய அனுபவம் இல்லை. ஆதலின் அவர் ருஷ்யாவை நேராக வருணிப்பதோடு நில்லாமல், அதன் நிழல் தமிழகத் தொழிற்சங்கம் ஒன்றின்மீது விழுந்த விதத்தை எழுதினார். நாவலின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவனாகும் அருணாசலம், கட்சி ஆவணங்களில் இருந்து அடியோடு துடைக்கப்பட்ட வீரபத்ரபிள்ளை என்னும் தோழரின் சுவடுகளைக் காண்கிறான். புகாரினுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்டதே அவர் செய்த குற்றம். வினாவைத் தொடர்ந்து செல்லும் அருணாசலத்தின் மனமும் வாழ்வும் குலைகின்றன. கதை, நாடகம், கடிதம், கவிதை எனப் பல வடிவங்கள் நாவலுக்குள் புகுந்து, புகாரினும் அவர் மனைவி அன்னாவும் நம்முன் வந்து நிற்கின்றனர்.

வரலாறும் கற்பனைக்குக் குறைந்ததன்று. லெனினால் கட்சியின் செல்லப்பிள்ளை எனப் பாராட்டப்பட்ட புகாரின் 1937-இல் கைதாகி, 1938 மார்ச்சில் பொய் வழக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தில் வைத்தால் ஆபத்து என்பதால், அவருடைய இறுதி மடலை அன்னா மனப்பாடம் செய்து, சிறைமுகாம்களிலும் நாடுகடத்தலிலும் கழிந்த ஆண்டுகள் நெடுகிலும் நெஞ்சில் காத்தார். 1988-இல்தான் புகாரின் குற்றமற்றவர் என அந்நாடு ஒப்புக்கொண்டது. ஒருவரின் அமானிதத்தை ஐம்பதாண்டு சுமந்த அப்பெண்மணி, எந்தப் பேரரசைக் காட்டிலும் உறுதி வாய்ந்தவர் அல்லவா?

நம் வாசகர் இதனோடு சேர்த்து அறியவேண்டிய பெயர் மீர்சயீத் சுல்தான் கலியேவ். தாத்தாரிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பொதுவுடைமையை நெஞ்சார நம்பி, ஸ்டாலினின் கீழேயே பணியாற்றியவர். கீழ்த்திசை மக்களின் விடுதலையைத் தனித்துப் பேசிய அவர் 1923-இல் கைதானார். 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1944 மே மாதத்தில் கிரிமியத் தாத்தாரியர் சமுதாயம் முழுவதுமே ஊரினின்றும் பெயர்க்கப்பட்டது. புகாரினுக்கு நேர்ந்தது ஒரு தலைவரின் துயரம் மட்டுமன்று என்பதற்கு இவை சான்று.

இடதுசாரி விமர்சகர் பலர் இந்நாவலைக் கட்சிப் பகை என்றே கண்டனர். அக்குற்றச்சாட்டை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. முழுதும் தள்ளுவதற்கும் இல்லை. நாவலில் ஓங்கி ஒலிப்பது தலைவர்களும் சிந்தனையாளர்களும் நடத்தும் விவாதமே. எந்தத் தொழிலாளிக்காகச் சங்கம் எழுந்ததோ, அவன் குரல் அதற்கு ஈடாகக் கேட்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து தோல் பதனிட்டவனுக்குக் கூலி உயர்வும் வைப்பு நிதியும் கேட்டுப் போராடியது சங்கமன்றோ? ஸ்டாலினின் பாவத்தை அச்செங்கொடியின் கணக்கில் எழுதுவது அறமாகாது. ஆனால் அச்செங்கொடியின் நன்மையைக் காட்டி ஸ்டாலினின் பாவத்தை மறைப்பதும் அறமாகாது. இவ்விரண்டாவதை அஞ்சாமல் சொன்னதே நாவலாசிரியரின் தொண்டு.

சோவியத் நாடு மறைந்தபின் இந்நூலுக்கு என்ன தேவை என்பது கடைசி வினா. கேள்வி கேட்டவனின் பெயரைப் பதிவேட்டில் இருந்து நீக்கும் பழக்கம் மாஸ்கோவோடு மறைந்துவிடவில்லை. அது கட்சியிலும் உண்டு; கம்பெனியிலும் உண்டு; ஜமாஅத் நிர்வாகத்திலும் நுழையக்கூடும். ஒற்றுமை குலையும் என்று சொல்லித்தான் அது எப்போதும் தொடங்குகிறது. நல்ல நோக்கமே அதன் திரை. கொடியவர்கள் செய்த கொடுமையை விட, நல்லவர்கள் வாய்மூடி இசைந்த கொடுமையே நீண்டு நிற்கிறது என்பதை இந்நாவல் நம் நெஞ்சில் தைக்கிறது. பருமனைக் கண்டு அஞ்சாமல் நம் இளைஞர்கள் இதனைப் படிக்கவேண்டும். படித்தபின், தம் சங்கத்தின் பழைய பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும்.