நாவலும் வாக்குச் சீட்டும்

அயன் ராண்ட் அம்மையார் 1957-ல் வெளியிட்ட 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவலில், சர்க்கார் தலையீட்டைச் சகியாத திறமைசாலிகள் உலகத்தை உதறிவிட்டு ஒரு மலைப் பள்ளத்தாக்கில் போய்க் குடியேறுகிறார்கள். தனி மனித சுதந்திரமே எல்லாம் என்கிற தத்துவத்துக்கு நாவலில் அப்படி ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. வாக்குச் சாவடியில் கிடைப்பதில்லை. 1964-ல் கோல்ட்வாட்டரை ஆதரித்த அம்மையார், 1972-ல் மக்கவர்னைத் தடுப்பதற்காக, முந்திய வருஷம் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்த நிக்ஸனையே ஆதரிக்கவேண்டி வந்தது. 1976-ல் ரீகனை எதிர்த்தார். கருக்கலைப்பு பெண்ணின் சொந்த உரிமை என்பதை ரீகன் ஏற்கவில்லை.

இதை முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். தத்துவத்தை விடாமல் பிடித்துக்கொண்டவருக்கு நேர்ந்த சங்கடம் அது. ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் நாவலில் கதாநாயகன் ஜான் கால்ட்டுக்கு அந்தச் சங்கடம் நேருவதே இல்லை. நேர்ந்திருந்தால் அவன் மனிதனாகியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.